சுயமரியாதைத் திருமணத்துக்கு உறுதிமொழி எழுதுவது எப்படி?

புரோகிதர் இல்லாத திருமணத்தில் மந்திரத்தின் இடத்தில் இருப்பது மணமக்கள் தங்கள் வாயால் சொல்லும் சில வரிகள்தான். மண்டபம், சாப்பாடு, புடவை என்று ஆறு மாதம் முன்பே ஓடத் தொடங்குகிறவர்கள் இந்த வரிகளை மட்டும் முதல் நாள் இரவு வரை தள்ளிப்போடுகிறார்கள். கடைசியில், தலைமை தாங்க வந்தவர் பையிலிருந்து எடுக்கும் அச்சிட்ட தாளை வாங்கி வாசித்துவிட்டு மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அந்தத் தாளில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அது யாருக்கும் பொருந்துகிற தாள். உங்களுக்கென்று எழுத விரும்பினால் ஒரு மாதம் முன்பே உட்காருங்கள். மொத்த வேலையே நான்கைந்து மாலைப் பொழுதுகள்தான்.

சட்டம் கேட்கும் ஒரு வாக்கியம்

எழுதத் தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த உறுதிமொழி வெறும் அலங்காரம் இல்லை; திருமணத்தையே நடத்திவைக்கும் சொல் இதில்தான் இருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன்பின் நெடுங்காலம் இத்தகைய திருமணங்களுக்குச் சட்டத்தின் துணை கிடையாது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் கொண்டுவந்த திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்தே அது செல்லுபடியாக்கியது.

அந்தப் பிரிவு கேட்பது கொஞ்சம்தான். உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில் மூன்றில் ஒன்று நடந்தால் போதும். இருவரும் தங்களுக்குப் புரிகிற ஏதாவது ஒரு மொழியில், ஒருவரை ஒருவர் கணவராகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொல்வது ஒன்று. மாலை மாற்றுவது அல்லது மோதிரம் அணிவிப்பது இன்னொன்று. தாலி கட்டுவது மூன்றாவது. நம் ஊரில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ சேர்ந்தே நடந்துவிடும். எனவே உறுதிமொழியில் நாக்குத் தடுமாறினாலும் திருமணம் கெட்டுப்போகாது. ஆனாலும், மாலையும் தாலியும் இல்லாவிட்டால்கூட அந்தச் சொல் மட்டுமே தாங்கும்படி எழுதுவதுதான் சரி.

ஏற்பு வாக்கியம் இப்படி இருந்தால் போதும்: ‘இங்கே கூடியிருப்போர் முன்னிலையில், (முழுப்பெயர்) ஆகிய உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்.’ மணமகள் சொல்லும்போது ‘என் கணவராக’. இதில் நான்கு இடங்களில் தவறு நேர்கிறது.

முதலாவது, காலம். ‘ஏற்பேன்’, ‘ஏற்க விரும்புகிறேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது நிச்சயதார்த்தத்தில் சொல்ல வேண்டியது. இந்த நொடியில் நடப்பதைச் சொல்ல ‘ஏற்கிறேன்’தான் வேண்டும். இரண்டாவது, கணவன், மனைவி என்ற சொற்களில் அதிகார வாடை வீசுகிறது என்று நினைத்து ‘பயணத்தின் தோழமையாக’ என்றோ ‘என் பாதியாக’ என்றோ மாற்றிவிடுவது. அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. இணையர், வாழ்விணை, துணை எல்லாமே நல்ல சொற்கள். மற்ற வரிகளில் தாராளமாகப் புழங்குங்கள். இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் சட்டத்தின் சொல்லை விட்டுவையுங்கள். மூன்றாவது, பெயர். சான்றிதழில் உள்ள முழுப்பெயரை இங்கே ஒருமுறை சொல்லிவிடுங்கள். ‘குட்டி’, ‘பாப்பு’ எல்லாம் அதற்குப் பிறகு. நான்காவதுதான் மோசமானது: மணமகன் சொல்லி முடிக்க, மணமகள் தலையை மட்டும் அசைப்பது. இருவரும் சொல்ல வேண்டும், தனித்தனியாக, மற்றவர் காதில் விழும்படி.

இன்னொரு எல்லையும் உண்டு. 7-ஏ பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே. அந்தச் சட்டக் கணக்கில் பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடங்குவர். ஒருவர் கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்து, மதம் மாறாமல் மணம் செய்வதென்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே முன்னறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு திருமண அலுவலரும் மூன்று சாட்சிகளும் பார்த்திருக்க, ‘உன்னைச் சட்டப்படி என் மனைவியாக ஏற்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை இருவரும் சொல்ல வேண்டும். அலுவலக அறையில் அதற்கு மேல் உரையாற்ற இடமிருக்காது. சொந்த உறுதிமொழியை மாலையில் வரவேற்பு மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத் திருமணத்திலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். வாக்குறுதி வாசகம் சபையின் முறைநூலில் இருப்பது. அதில் கைவைக்கும் முன் குருவானவரிடமோ ஆயரிடமோ கேட்டுவிடுங்கள்.

முதல் மாலை: எழுதுவதற்கு முன் பேசுவது

பேனாவை எடுக்காமல் இருவரும் உட்கார்ந்து சிலவற்றை முடிவு செய்யுங்கள். எத்தனை வாக்குறுதி, எவ்வளவு நேரம், ஒருவர் எழுதியதை மற்றவர் முன்கூட்டியே பார்க்கலாமா, வேடிக்கை இருக்கலாமா, எதையெல்லாம் மேடையில் சொல்லக்கூடாது. இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். கடன், நோய், பழைய காதல், உடல் எடை போன்றவை உங்களுக்குள் வேடிக்கையாக இருக்கலாம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியப்பாவுக்கு அது செய்தி. சாதி மறுப்புத் திருமணமானால் ‘எத்தனையோ எதிர்ப்புகளை மீறி’ என்று தொடங்கும் ஆசை வரும். எதிர்த்தவர்களில் சிலர் மனம் மாறி அன்று வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை மேடையிலிருந்து சுட்டிக்காட்டி என்ன ஆகப்போகிறது?

அன்றே முடிவெடுக்க வேண்டிய இன்னொன்று, எப்படி விளிப்பது என்பது. தமிழில் இது சின்ன விஷயமில்லை. அவன் ‘நீ’ என்கிறான், அவள் ‘நீங்கள்’ என்கிறாள் என்றால், அடுத்து எத்தனை முறை ‘சமம்’ என்று வாசித்தாலும் சபை கேட்பது அந்த நீ–நீங்களைத்தான். இருவரும் ‘நீ’ அல்லது இருவரும் ‘நீங்கள்’. வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டாலும் அன்று ஒன்றுபோல் இருக்கட்டும். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற தயக்கம் மணமகளுக்கு இருந்தால் இருவருமே ‘நீங்கள்’ என்று வைத்துக்கொள்ளலாம். மணமகன் வாயில் அது கேட்கவே அழகாக இருக்கும்.

மற்றவர் எழுதியதைப் பார்ப்பதா வேண்டாமா? பார்க்காமல் இருந்தால் மேடையில் கண் கலங்கும், படமும் நன்றாக வரும். ஆனால் ஒருவர் மூன்று நிமிடமும் மற்றவர் முப்பது நொடியும் பேசிவிடும் ஆபத்து அதில் உண்டு. நடுவழி ஒன்று இருக்கிறது. இருவரும் நம்புகிற ஒரு நண்பரிடம் இரண்டையும் கொடுங்கள். நீளம், வாக்குறுதிகளின் எண்ணிக்கை, தொனி மூன்றும் சமமா என்று மட்டும் அவர் பார்த்துச் சொல்லட்டும்.

இரண்டாம் மாலை: சரக்கு சேர்ப்பது

இப்போது தனித்தனியாக. ‘காதல் என்றால் என்ன’ என்று யோசிக்காதீர்கள், ஒன்றும் தேறாது. நடைமுறைக் கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். எந்த ஊரில் வாழப்போகிறோம், யாருக்காவது மாற்றல் வந்தால் என்ன செய்வோம்? சம்பளம் எந்தக் கணக்கில் விழும், பெற்றோருக்கு அனுப்பும் பணம் தொடருமா? சமையலும் பாத்திரமும் யார் கையில்? குழந்தை வேண்டுமா, பிறந்தால் யாருடைய முதலெழுத்து, அல்லது இருவருடையதுமா? சண்டை வந்தால் இருவரில் யார் பேசாமல் இருப்பவர், யார் கத்துபவர்? இவரிடம் நீங்கள் கண்ட எந்த ஒரு பழக்கம் ‘இவரோடு வாழலாம்’ என்று தோன்ற வைத்தது?

பதில்கள் ஒரு பக்கம் வரும். அதில் மேடைக்குப் போகப்போவது நான்கில் ஒரு பங்குதான். மிச்சத்தைப் பற்றி இருவரும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். பெரியார் இதை வாழ்க்கை ஒப்பந்தம் என்றே சொன்னார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஷரத்துகளைப் பேசிவிடுவதுதானே முறை.

மூன்றாம் மாலை: வாக்குறுதியாக்குவது

ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: ஒரு வருடம் கழித்து, ‘இதைச் செய்தாயா இல்லையா’ என்று கேட்டால் பதில் சொல்ல முடியுமா? முடியாதென்றால் அது வாக்குறுதி இல்லை, வாழ்த்து அட்டை வாசகம்.

‘உன் கண்ணில் ஒரு துளி நீர் வரவிட மாட்டேன்’ என்பது மேடைகளில் அடிக்கடி கேட்பது. அன்று மாலை பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவள் அழுவாள். முதல் நாளே வாக்குத் தவறிவிடும். அதற்குப் பதில் ‘நீ அழும்போது காரணம் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்’ என்றால் நிறைவேற்றக்கூடியது. ‘உன்னை ராணி மாதிரி வைத்துக்கொள்வேன்’ என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். ‘வைத்துக்கொள்வது’ தமிழில் என்ன பொருளும் தரும் என்பது சபைக்குத் தெரியும். அதைவிட, வைக்கிறவர் ஒருவர், வைக்கப்படுகிறவர் ஒருவர் என்ற கணக்கே சமத்துவத்துக்கு ஆகாது. ‘காப்பாற்றுவேன்’, ‘நன்றாகப் பார்த்துக்கொள்வேன்’ இரண்டும் இதே ஒருவழிப் பாதைதான். மணமகள் பக்கத்தில் இதற்கு ஈடாக வருவது ‘உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற மருமகளாக நடப்பேன்’ என்பது. அந்த வாக்கு அவருக்குத் தரப்படவில்லை, வீட்டுக்குத் தரப்படுகிறது. மணமகனும் ‘ஏற்ற மருமகனாக நடப்பேன்’ என்று சொல்லத் தயாராக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தயாராக இல்லையென்றால் இரண்டையும் அடித்துவிடுங்கள். ‘ஏழேழு பிறவிக்கும்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுபிறவியை மறுத்து ஒரு மணி நேரம் பேசப்போகிறவர் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

‘இன்ப துன்பங்களில் பங்குகொள்வேன்’ என்பது அச்சுத் தாள்களில் எல்லாம் இருக்கிறது. நல்ல வரிதான், இருக்கட்டும். ஆனால் அதை ஒட்டி உங்கள் வாழ்க்கைக்கு மட்டும் உரிய ஒரு வரி வர வேண்டும். இல்லாவிட்டால் அது காதில் தங்காது. அழைப்பிதழில் ஏற்கனவே அச்சான குறளை மறுபடி மேடையில் சொல்லவும் தேவையில்லை. வாழ்த்துரைக்கு வரும் மூன்று பேராவது அதைச் சொல்வார்கள்.

மூன்று முதல் ஐந்து வாக்குறுதிகள் போதும். ஆறாவதைத் தாண்டினால் கேட்பவர்களுக்குத் தேர்தல் அறிக்கை நினைவுக்கு வந்துவிடும். பெற்றோர் சார்பில் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘என் அம்மா உன்னை மகளாகவே பார்ப்பார்’ என்பது அம்மா சொல்ல வேண்டியது.

அமைப்பும் மொழியும்

ஏற்பு வாக்கியம் முதலில் வரட்டும். பதற்றத்தில் கடைசி வரிகள் விழுங்கப்படும் அபாயம் எப்போதும் உண்டு, அதனால் முக்கியமானது முன்னால். அடுத்து, அவரைப் பற்றி நீங்கள் கண்ட ஒரே ஒரு விஷயம், இரண்டு மூன்று வரியில். பிறகு வாக்குறுதிகள். முடிவில் நாலைந்து சொல்லில் ஒரு சிறு வரி. அது முடிந்தது என்று சபைக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் தெரிய வேண்டும். தேய்ந்து மறைகிற முடிவு கைதட்டலைக் குழப்பும்.

நீளம் 80 முதல் 120 சொற்கள். மேடையில் நிதானமாக வாசித்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது இங்கே ஒரு சிக்கல். ‘வேலையில் சோர்ந்து நீ வீடு திரும்பும் நாட்களிலும், நம் கருத்துகள் வேறுபட்டு மனம் கசந்திருக்கும் பொழுதுகளிலும், முதுமை வந்து...’ என்று அடுக்கிக்கொண்டே போனால், ‘உடனிருப்பேன்’ வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். ஒரு வாக்கியத்தில் பத்துச் சொல்லைத் தாண்டாதீர்கள். வினை சீக்கிரம் வரட்டும்.

அடுத்த சிக்கல் ஓசை. வாக்குறுதி என்றாலே -வேன், -பேன் என்றுதான் முடியும். ஐந்து வரியும் அப்படியே முடிந்தால் பள்ளிக்கூடத்தில் கையை நீட்டிச் சொன்ன உறுதிமொழி போல ஒலிக்கும். நடுவில் ஒரு ‘மாட்டேன்’, ஒரு ‘என் பொறுப்பு’, ஒரு ‘செய்வோம்’ என்று மாற்றிப்போடுங்கள். உணர்ச்சிவசப்பட்டால் ழகரமும் ளகரமும் பலருக்கு ஒன்றாகிவிடும். ‘வாழ்வின் தாழ்வுகளிலும் சூழல்களிலும்’ போன்ற தொடரை நாக்கே கெஞ்சும் அளவுக்கு அடுக்க வேண்டாம்.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பது உங்கள் விருப்பம். ஆனால் பாதி அது, பாதி இது என்று கலக்காதீர்கள். எளிய எழுத்துத் தமிழ் மேடைக்குப் பொருந்தும். வீட்டில் ஒருபோதும் சொல்லாத ‘யான்’, ‘நின்’ வந்தால் நாடக மேடையாகிவிடும்.

இருவரின் தாய்மொழி வேறு என்றால், ஏற்பு வாக்கியத்தை மட்டும் மற்றவரின் மொழியில் ஒருமுறை கூடுதலாகச் சொல்வது நன்றாக இருக்கும். உங்களுக்குத் தெரிந்த எழுத்திலேயே எழுதிவைத்து மனப்பாடம் செய்யுங்கள். முழு உறுதிமொழியையும் புரியாத மொழியில் வாசிக்க வேண்டாம். புரிகிற மொழி என்பதுதானே சட்டத்தின் சொல். புரியாத மந்திரத்தை விட்டு வந்ததன் பொருளும் அதுதான்.

ஒரு மாதிரி:

‘இங்கே கூடியிருப்போர் முன்னிலையில், (முழுப்பெயர்) ஆகிய உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்.
எந்த முடிவையும் நீ ஒரு இரவு பொறுத்துத்தான் எடுப்பாய். அந்தப் பொறுமை எனக்கு வராது. உன்னிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.
யாருக்கு மாற்றல் வந்தாலும் இருவரும் பேசித்தான் முடிவெடுப்போம்.
என் சம்பளமும் கடனும் உனக்குத் தெரியாமல் இருக்காது.
காலைச் சமையல் என் பொறுப்பு.
கோபம் வந்தால் நான் பேசாமல் இருப்பவன். ஆனால் மறுநாள் காப்பிக்கு முன் நானே வந்து பேசுவேன்.
உன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால், அது நம் வீட்டு வேலை.
இது என் சொல்.’

இதைப் பெயர் மாற்றி அப்படியே எடுத்துக்கொண்டால் அச்சுத் தாளுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மணமகளின் உறுதிமொழி இதன் மறுபிரதியாக இருக்கவும் கூடாது. அவள் சமைக்க மாட்டாள் என்றால் அந்த இடத்தில் அவள் எதை ஏற்கிறாளோ அது வரட்டும்.

அட்டை, ஒத்திகை, மேடை

இறுதி வடிவத்தைக் கெட்டியான ஏ5 அட்டையில் ஒரே பக்கமாக அச்சிடுங்கள். எழுத்து அளவு 18க்குக் குறையக் கூடாது. மூச்சு விடும் இடத்தில் வரியை உடையுங்கள். அச்சுக்கு லேசர் எடுங்கள். மண்டப வியர்வையில் மற்ற மை கரைந்து கைக்கு வந்துவிடும். கைப்பேசியைப் பார்த்து வாசிக்கும் யோசனை வேண்டாம்: வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் திரை தெரியாது, பாதியில் பூட்டிக்கொள்ளும், வாழ்த்துச் சொல்ல யாராவது அழைப்பார்கள். ஆளுக்கு இரண்டு படி எடுத்து, இரண்டாம் படியைக் கட்டாயம் நேரத்துக்கு வந்துவிடும் ஒருவரிடம் கொடுங்கள். தலைமை தாங்குபவரிடம் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் தலைவர்கள் தாமதமாக வருவார்கள்.

அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வழக்கம்போலத் தன் தாளை எடுத்து, ‘நான் சொல்லச் சொல்லச் சொல்லுங்கள்’ என்று தொடங்கிவிடுவார். மேடையில் மறுக்க முடியாது. வாசிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அந்த முறையே நல்லது. அப்படியானால் உங்கள் அட்டையையே அவரிடம் கொடுத்து, மூன்று நான்கு சொற்களாகப் பிரித்துக் குறித்துவிடுங்கள்.

ஒத்திகை மூன்று முறை, வாய்விட்டு. அதில் ஒருமுறையாவது நின்றபடி, இன்னொருவர் கேட்க. ஏற்பு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தவர்கள்தான் மேடையில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரு வரி மறந்தால் சங்கிலியே அறுந்துவிடும்.

நிகழ்ச்சி நிரலில் உறுதிமொழியின் இடத்தை நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். வரவேற்புரை, தலைமையுரையின் முதல் ஐந்து நிமிடம், உடனே உறுதிமொழி, மாலை, தாலி உண்டென்றால் தாலி, கையெழுத்து, அதன்பின் வாழ்த்துரைகள். வாழ்த்துரைகளுக்குப் பிறகு வைத்தால் பந்தி தொடங்கிப் பாதி மண்டபம் காலியாகியிருக்கும். மாலைக்கு முன் வைப்பதற்கும் காரணம் உண்டு. கனமான ரோஜா மாலை ஒலிவாங்கியில் உரசினால் பேச்சு முழுக்கக் கரகரப்புத்தான் கேட்கும். பூச்செண்டைக் கீழே வைத்துவிடுங்கள். ஒலிவாங்கியை நண்பர் ஒருவர் பிடிக்கட்டும், தாடைக்கு நான்கு விரல் கீழே. இருவரும் சபையைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பார்த்து நில்லுங்கள். ‘இங்க பாருங்க சார்’ என்று அந்த ஒன்றரை நிமிடம் அழைக்கக் கூடாது என்று புகைப்படக்காரரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

நாதஸ்வரம் வைத்திருந்தால், கெட்டிமேளத்துக்கு யார் கைகாட்டுவார் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். மணமகன் முடித்ததும் வரும் கைதட்டலைக் கேட்டு மேளம் தொடங்கிவிட்டால், மணமகள் சொல்வது யார் காதிலும் விழாது.

முடிந்ததும் இரண்டு அட்டைகளிலும் இருவரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகளிடமும் வாங்கிக்கொள்ளுங்கள். அது நல்ல சான்று. ஆனால் பதிவு ஆகாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி திருமண நாளிலிருந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள். அட்டையின் நகல், அழைப்பிதழ், உறுதிமொழி சொல்லும்போதும் மாலை மாற்றும்போதும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போதே ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்துவிடுங்கள். மொய் நோட்டை எடுத்துவைக்கும் ஆளே இதற்கும் சரியானவர்.